ஆளுக்கொரு கை

இதைப் படித்துவிட்டு, "மயக்கத்தில் உளறுகிறாள்" என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். என் மகளே அப்படித்தான் சொல்கிறாள். டாக்டர் கொஞ்சம் நாசூக்காக, "ரத்தம் குறைஞ்சா மூளை என்னென்னவோ காட்டும்மா" என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதியவள். ஒரு எழுத்து இம்மி கோணினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அன்றைக்கு நான் பார்த்ததில் எதுவும் மங்கலாக இல்லை. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

யாருக்கும் காது குத்த வேண்டிய அவசியம் எனக்கில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் எங்கள் ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். சாய்வு நாற்காலியில் நான்கு மணி நேரம். ஒரு கையில் இரண்டு ஊசி குத்தியிருப்பார்கள். ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும். சுத்தமாகி, இன்னொன்றின் வழியாக உடம்புக்குத் திரும்பும். ஊசி போட்ட கையை அசைக்கக் கூடாது. போர்வையால் மூடவும் கூடாது. திரும்பி வருகிற ஊசி போர்வைக்குள் நழுவிவிட்டால் வெளியே தெரியாது. மெஷின் பாட்டுக்கு ரத்தத்தைப் போர்வைக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். சில நிமிடம் போதும், ஆள் காலி. சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிப் பயமுறுத்திவிடுவார்கள்.

எனக்கு ஊசி இடது கையில். என் வலது பக்கத்து நாற்காலிக்காரனுக்கு வலது கையில். ஆக, எங்கள் நடுவில் இருக்கும் சின்ன மேஜை மேல் என் வலது கையும் அவன் இடது கையும் மட்டும் சும்மா கிடக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடி கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் டாக்ஸி ஓட்டுகிறவன். முப்பத்தாறு வயது. அந்த அறையில் எல்லோருக்கும் அவன் வெறும் டாக்ஸிதான். என்னை 'கேக் அக்கா' என்பான். தண்ணீர் பாட்டிலை அவன் பிடிப்பான், நான் மூடியைத் திருகுவேன். போனை அவன் பிடிப்பான், நான் எண்ணைத் தட்டுவேன். என் மூக்குக்கண்ணாடியை அவன் சட்டையில் தேய்த்துத் துடைத்து மாட்டிவிடுவான். அவனுக்கு ஓயாத இருமல் வேறு. இருமி முடித்துவிட்டு, "என்ன அக்கா, வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்பான். அதற்கு அவனே சிரிப்பான்.

ஆரஞ்சுப் பழம் எங்களுக்கு விஷம் மாதிரி. இதயத்துக்கு ஆகாது. ஆனால் மெஷினில் ஏறிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் தின்றுவிட்டால், கெட்டதை மெஷினே இழுத்துவிடும் என்று நோயாளிகளாக ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வோம். நான் ஒரு பழம் ஒளித்துக்கொண்டு போவேன். அவன் கெட்டியாகப் பிடிப்பான், நான் உரிப்பேன். ஆளுக்குப் பாதி. சிஸ்டர் அந்த நேரம் பார்த்து முதுகைத் திருப்பிக்கொள்வார். ரெண்டு வருடம் இப்படியே ஓடியது.

செப்டம்பரில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். பால் வாங்கக் கடைக்குப் போனவர், வரிசையில் நின்றபடியே சரிந்துவிட்டார். நான் மெஷினில் இருக்கும் நான்கு மணி நேரமும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவு வழியே என்னையே பார்த்துக்கொண்டிருப்பார் மனுஷர். போய் வீட்டில் படுங்கள் என்றால் கேட்க மாட்டார். அவர் போன பிறகு அந்த பெஞ்சில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அடுக்குவேன். மகள் வெளியூரில். போனில் அழுவாள். நானும் அழுவேன். போனை வைத்த பிறகுதான் நன்றாக அழுவேன்.

டிசம்பரில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனி டயாலிசிஸ் வேண்டாம். யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை. போகாமல் இருந்தாலே போதும். ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு என் முறை வந்தது. அன்றைக்கே நின்றிருப்பேன். ஆனால் டாக்ஸியிடம் சொல்லாமல் போக மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒரு தடவை போய், ஒரு பழத்தைப் பங்கு போட்டுத் தின்றுவிட்டு, "தம்பி, அக்கா இனிமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வரலாம். அவ்வளவுதான் என் திட்டம்.

பண்டிகை நாள். தெருவெல்லாம் விளக்கு. ஆஸ்பத்திரியில் ஈ காக்கை இல்லை. எங்கள் அறையில் ஒரே ஒரு சிஸ்டர். தலையில் சிவப்புக் காகிதக் குல்லா. கோடியில் இரண்டு நோயாளிகள். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற வாத்தியார், எப்போதும் தூங்குகிறவர். சிஸ்டர் எனக்கு ஒரு துண்டு கேக் எடுத்து வைத்திருந்தார். வீட்டிலிருந்து சொந்தமாகச் செய்து கொண்டுவந்தாராம். மேலே ஏதோ எழுத்து, ஒன்று மலையேறுகிறது, ஒன்று குழியில் விழுகிறது.

"நல்லா இருக்கா அம்மா?" என்றார்.

"இருக்கு" என்றேன். ஒரு துண்டு கேக்கை வைத்து எதைச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள் என்று உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். எனக்கும் டாக்ஸிக்கும் நடுவில் பச்சைத் திரை இழுத்து மூடியிருந்தது. ரெண்டு வருடத்தில் ஒரு நாள் கூட அதை மூடியதில்லை.

"எதுக்கு சிஸ்டர் மூடியிருக்கீங்க?"

"அவர்... தூங்குறார் அம்மா. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டினாராம். எழுப்பாதீங்க."

திரைக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சரி, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிஸ்டர் ஊசியைக் குத்தும்போது பார்த்தேன். கண் சிவந்திருந்தது. பண்டிகை நாளில் வேலைக்கு வரச் சொன்னால் யாருக்குத்தான் அழுகை வராது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு மெஷினை ஓட விட்டார். நாலரைக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. முதல் மணி நேரம் போய்விட்டால் பழம் தின்ன முடியாது. பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து மேஜை மேல் வைத்தேன். திரைக்குக் கீழே மெதுவாக அந்தப் பக்கம் உருட்டினேன்.

"தம்பி... முழிச்சிருக்கியா?"

திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. இடது கை. டாக்ஸியின் கைதான், எனக்குத் தெரியாதா? ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய உள்ளங்கை. பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

"பிடி, நான் உரிக்கறேன்" என்றேன். கை வெளியே வரவில்லை. அந்தப் பக்கம் மெல்லிய சத்தம்... சர்ர்... சர்ர்... தோல் கிழிகிற சத்தம்.

கொஞ்ச நேரத்தில் பழம் திரும்பி வந்தது. தோல் இல்லை. வெள்ளை நார் கூட இல்லை. சரி பாதியாகப் பிளந்து, என் பங்கு மட்டும் மேஜை மேல் இருந்தது.

அட, சமர்த்து என்று எடுத்து வாயில் போட்டேன். இரண்டு சுளை தின்ற பிறகுதான் உறைத்தது.

ஒற்றைக் கையால் எப்படி உரித்தான்?

ஊசி போட்ட கையை அசைத்திருந்தால் மெஷின் கத்தியிருக்கும். கத்தவில்லை. அந்த மெஷினின் சத்தத்தையும் அப்போதுதான் சரியாகக் கவனித்தேன். ரத்தம் ஓடும்போது உருளை சுற்றுகிற 'டக்... டக்...' கேட்கும். என் மெஷினில் கேட்டது. அவன் பக்கம் வெறும் தண்ணீர் ஓடுகிற இரைச்சல் மட்டும்தான்.

இன்னொன்று. அரை மணி நேரமாக ஒரு இருமல் கூட இல்லை.

மேஜை மேல் இருந்த என் கை மேல் அவன் கை வந்து படிந்தது. லேசாகத் தட்டிக் கொடுத்தது. அவன் கை எப்போதும் ஐஸ் மாதிரி இருக்கும். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அன்றைக்கு அது அடுப்பங்கரையிலிருந்து வந்த கை போலச் சூடாக இருந்தது.

எனக்கு அதெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. நான்கு மாதமாக என்னைத் தொட்டதெல்லாம் ஊசி போடுகிற கைகள்தான். அந்தச் சூட்டில் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"தம்பி, அக்கா இனிமே வரமாட்டேன்ப்பா. போதும். அவர் இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போறதுக்கு எதுக்கு இந்தப் பாடு? உன்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

கை தட்டுவதை நிறுத்திவிட்டது.

பிறகு என் விரல்களைப் பிடித்துக்கொண்டது. நீண்ட நேரம் விடவில்லை.

ஆறு மணிக்கெல்லாம் வெளியே இருட்டிவிட்டது. ரத்தம் வெளியே போய் வருவதால் எங்களுக்குக் குளிர் எலும்பு வரைக்கும் போகும். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். இடது கையையும் சேர்த்து. கூடாதுதான். இனி என்ன வந்தால் என்ன என்ற திமிர்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அன்று அவன் பேசிய முதல் பேச்சு.

"கையை வெளிய வைங்க அக்கா."

எப்போதும் அவன் சொல்கிற அதே பேச்சுதான். ஆனால் மூச்சு இல்லாத குரல். ரேடியோவில் வருகிற குரல் போல.

"குளிருதுடா. நீ தூங்கு" என்றேன்.

போர்வை தானாகச் சரிந்தது. இடது கை வெளியே தெரிந்தது. வழுக்கியிருக்கும் என்று மறுபடி இழுத்து மூடினேன்.

மறுபடி சரிந்தது.

இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போர்வையின் இடது ஓரத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. யாரோ இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்த மாதிரி. அந்த மடிப்பு மெதுவாகக் கீழே இறங்கியது.

டாக்ஸி என் வலது பக்கம். போர்வையை இழுத்தது இடது பக்கம். இடது பக்கம் மெஷின். மெஷினை ஒட்டிச் சுவர். ஆள் நிற்க இடமே கிடையாது.

சிஸ்டரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். கோடியில் வாத்தியாரின் மெஷின் கத்தியது. சிஸ்டர் அங்கே ஓடினார்.

நான் போர்வையைப் பிடுங்கித் தலையோடு மூடிக்கொண்டேன். சின்னப் பிள்ளை மாதிரி. மூடிய வேகத்தில் இடது கையில் எதுவோ சுருக்கென்றது. நான் கவனிக்கவில்லை.

நேரம் ஆறு இருபத்தைந்து. தலையை வெளியே நீட்டியபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

குளிர் நின்றிருந்தது.

இடுப்புப் பக்கம் இதமாகச் சூடு பரவியது. அப்பாடா என்றிருந்தது. சூடு தொடைக்கு இறங்கியது. முழங்காலுக்கு... பாதத்துக்கு...

டொக்.

தரையில் ஏதோ சொட்டியது.

டொக்... டொக்...

எனக்குப் புரிந்துவிட்டது. ஊசி கழன்றுவிட்டது. போர்வைக்குள் கொட்டுவது என் ரத்தம்.

ஒரு சத்தம் போட்டால் போதும். சிஸ்டர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்.

நான் போடவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. பத்து நாள் கூடக் காத்திருக்க வேண்டாம். வலிக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சைப் பார்த்தேன். காலியாக இருந்தது. பரவாயில்லை, இப்போது வந்துவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

விளக்குகள் மங்கின.

"அக்கா."

குரல் இடது பக்கம். காதுக்கு ரொம்பப் பக்கத்தில்.

"அக்கா, கத்துங்க."

தலையாட்டினேன். மாட்டேன் என்று.

போர்வை கால் மாட்டுக்குப் பறந்தது. இரண்டு கைகள் வந்தன. இடது கை என் முழங்கைக்குக் கீழே, ஊசி போன இடத்தைப் பிடித்து அழுத்தியது. எலும்பு நொறுங்குகிற மாதிரி. வலது கை மெஷின் குழாயை மடக்கி நெரித்தது.

வலது கையைப் பார்த்தேன்.

பல வருடம் ஊசி குத்திய புடைப்புகள். டாக்ஸியின் கை. அதில் ஊசி இல்லை. பிளாஸ்திரி இல்லை. பெரிய புடைப்பின் உச்சியில் ஒரு ஓட்டை.

காய்ந்த ஓட்டை. அதிலிருந்து எதுவும் வரவில்லை.

மணிக்கட்டுக்கு மேலே பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"விடு தம்பி... போறேன்..."

"நானும் கத்தினேன் அக்கா." குரல் உடைந்தது. "யாருக்கும் கேக்கல. உங்களுக்குக் கேக்க ஆள் இருக்கு. கத்துங்க."

அவன் அழுதுகொண்டிருந்தான்.

"கத்துங்க அக்கா..."

"சிஸ்டர்!"

நான்தான் கத்தினேன். அதே நொடி மெஷின் அலறியது.

சிஸ்டர் ஓடி வந்தார். தரையைப் பார்த்து, "கடவுளே!" என்றார். குழாயை அடைத்தார். என் கையை எடுத்துத் துணி வைத்து அழுத்தினார். என் கால் பக்கத்தை உயர்த்தினார். காகிதக் குல்லா ரத்தத்தில் விழுந்தது. எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அவர் துணியை எடுத்துப் பார்த்தார். திகைத்தார்.

"முன்னாடியே அழுத்திப் பிடிச்சிருக்கீங்களே. இல்லேன்னா இந்நேரம்... எப்படி அம்மா பிடிச்சீங்க?"

என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

சிஸ்டர் என் இடது கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே ஐந்து விரல் பதிந்திருந்தது. நீலம் பாரித்துக்கொண்டு வந்தது.

"டாக்ஸிதான்" என்றேன். "அவனைக் கூப்பிடுங்க சிஸ்டர்."

அவர் எழுந்து போய்த் திரையை இழுத்தார்.

காலி நாற்காலி. மடித்து வைத்த விரிப்பு. மெஷினில் வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் ஆரஞ்சுத் தோல், ஒரே சுருளாக, எங்கும் அறாமல் தொங்கியது. பக்கத்தில் பாதிப் பழம். தொடாமல் இருந்தது.

சிஸ்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மத்தியானமே போயிட்டார் அம்மா. இங்கதான் கொண்டு வந்தாங்க. அவர் சேரைக் காலியாப் பார்த்தா நீங்க கேப்பீங்க... இப்பதான் வீட்டுக்காரரையும் விட்டுட்டு நிக்கறீங்க. பண்டிகை நாளும் அதுவுமா எப்படிச் சொல்றது? அதான் திரையை மூடி, மெஷினைக் கழுவ விட்டேன். தப்புதான்... மன்னிச்சிடுங்க..."

தேம்பித் தேம்பி அழுதார். நான் அழவில்லை. எனக்காக ஒருத்தி காலையிலிருந்து கேக் செய்து, மத்தியானத்திலிருந்து பொய் சொல்லி, அழுகையை அடக்கிக்கொண்டு ஊசி குத்தியிருக்கிறாள். நான் அவள் எழுத்து கோணலாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி எனக்கு வேறு யாரோ கொடுத்த ரத்தம் ஏற்றினார்கள். யார் கொடுத்தார்களோ, தெரியாது. விடிய விடிய அந்தப் பையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சிஸ்டர் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மிச்சம் இருந்த கேக்கை எனக்கு ஊட்டிவிட்டார். அந்தக் கேக் மாதிரி ஒரு கேக்கை நான் என் ஆயுசில் தின்றதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்த முறைக்குப் போனேன். அதற்கு அடுத்ததற்கும் போனேன். பெரிதாக எந்தத் தெளிவும் வந்துவிடவில்லை. வீடு அதே வீடுதான், அவர் இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலிக்கு ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். கல்லூரிப் பெண். அவளுக்கும் ஊசி வலது கையில். தண்ணீர் பாட்டிலை ஒற்றைக் கையால் திறக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். "பிடி, நான் திருகறேன்" என்றேன். வேறென்ன செய்வது? நான் போய்விட்டால் அவளுக்கு யார் திருகுவார்கள்?

ஜனவரி நடுவில் டாக்ஸியின் மனைவி வந்தாள். அவன் போர்வையும் செருப்பும் ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தன. வாங்கிக்கொள்ள வந்திருந்தாள். ஒடிசலான பெண். முதல் தடவையாகப் பார்க்கிறேன். என் முறைக்காக வராந்தா பெஞ்சில் காத்திருந்தேன். அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானே கேக் அக்கா? உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்ல."

என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அன்னிக்கு அவருக்குக் களைப்பா இருந்துச்சு. நீ கோயிலுக்குப் போயிட்டு வா, நான் குளிச்சிட்டு ரெடியா இருக்கேன்னார். குளிக்கும்போது கையில அந்தப் புடைப்பு வெடிச்சிருக்கு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இடது கையால அழுத்திப் பிடிச்சிருக்கார். வலது கையை அசைச்சா ரத்தம் பீறிடும், பிடிச்ச கையை எடுத்தாத்தான் தாழ்ப்பாளைத் திறக்க முடியும். எடுத்தா ரத்தம் கொட்டும். கத்தியிருக்கார் அக்கா. பண்டிகைன்னு எல்லா வீட்லயும் பாட்டுச் சத்தம். யாருக்கும் கேக்கல. இன்னொரு கை இருந்திருந்தா... ஒரே ஒரு கை..."

அவள் தோளை அணைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்சம் அடங்கியதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா அக்கா? யார்கிட்டயும் சொல்லல. அவர் அந்தக் கையைப் பிடிச்ச பிடி இருக்கே... செத்த பிறகும் விடல. இங்க ரெண்டு ஆளுங்க சேர்ந்து பிரிச்சுப் பார்த்தாங்க, முடியல. அப்படியே சுத்தமாத் துடைச்சு, துணியைச் சுத்தி, கீழே பிணவறையில வச்சாங்க. நான் என் கண்ணால பார்த்தேன். சாயங்காலம் என் அண்ணன் கையெழுத்துப் போடப் போனார். ஆறே முக்கால் இருக்கும். துணி விலகி இருந்துச்சாம்."

"ம்."

"ரெண்டு கையும் தனித்தனியாக் கிடந்துச்சாம். பிடி விட்டிருந்துச்சு. இடது கை முழுக்க ரத்தம். மணிக்கட்டு வரைக்கும். ஈரமா, அப்பதான் நனைஞ்ச மாதிரி. அண்ணன் தொட்டுப் பார்த்திருக்கார். சூடா இருந்துச்சாம். டாக்டரைக் கூப்பிட்டாங்க. அவர் உடம்புல வர்றதுக்கு ரத்தமே மிச்சம் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்ப அது யார் ரத்தம் அக்கா?"

அந்தப் பிணவறை எங்கள் அறைக்கு நேர் கீழே இருக்கிறது.

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக் காட்டினேன். நீலம் போய் மஞ்சளாகியிருந்தது. ஐந்து விரலும் அப்படியே தெரிந்தது.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் விரல்களை அந்த அடையாளத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை. அவள் கை சின்னது. விரல்கள் எட்டவில்லை. எட்டி எட்டி வைத்தாள்.

சிஸ்டர் கதவைத் திறந்து, ஊசி போட என்னைக் கூப்பிட்டார். அவள் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. சிஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.